முழமும் கோலும்

பழைய அளவைகளைப் பாடத்தில் விளக்கும்போது தமிழாசிரியர்க்கு நேரும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. கோயிலுக்கு 100 குழி நிலம் விடப்பட்டது என்று ஒரு செய்தி வருகிறது. அஃது எத்தனை ஏக்கர் என்று மாணவர் வினவுகின்றனர். அடிக்குறிப்பில் ஓர் எண் இருக்கும். அதைச் சொல்லி மேலே சென்றுவிடலாம். ஆனால் அந்த எண் எந்த ஊர்க்கும் எந்தக் காலத்துக்கும் உரியது என்பதை அடிக்குறிப்புப் பெரும்பாலும் கூறுவதில்லை. துணி அளவைக்கு இத்தொல்லை அவ்வளவாக இல்லை. நில அளவைக்கு மட்டும் ஏன் வந்தது என்பது ஆராயத் தக்கது.

முதலில் துணியைப் பார்ப்போம். முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை உள்ளது முழம். விரித்த கையின் கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை உள்ளது சாண். 12 விரல் 1 சாண், 2 சாண் 1 முழம் என்பது பழைய வாய்பாடு. ஆளுக்கு ஆள் கை வேறுபடும். பூக்காரியின் முழம் இன்றும் பூக்காரியின் கையளவே! ஆயினும் ஜவுளிக் கடையில் ஆங்கிலேயரின் கெஜக்கோல் புகுந்தபின், முழம் 18 அங்குலம் என நிலைபெற்றது. ஆகவே 2 முழம் 1 கெஜம். மீட்டர்க் கணக்கில் 1 முழம் 45.72 சென்டிமீட்டர். 8 முழ வேட்டி 4 கெஜம், அதாவது 3.66 மீட்டர். 18 முழப் புடவை 9 கெஜம், அதாவது 8.23 மீட்டர். வேட்டியின் மேல் 3.60 மீட்டர் என்று அச்சிட்டிருந்தால் அது வாய்பாட்டின் பிழையன்று. வணிகர் எண்ணைச் சுருக்கிக் கொண்டதே.

மலாய் மக்களிடத்தும் இதே வாய்பாடு உண்டு. 2 ஜெங்கால் 1 ஹஸ்தா. 2 ஹஸ்தா 1 ஏலா. 2 ஏலா 1 டெப்பா. ஜெங்கால் நம் சாண்; ஹஸ்தா நம் முழம்; ஏலா என்பது கெஜம். இரு கைகளையும் விரித்த நீளமாகிய டெப்பா 6 அடி. பகாவ் தோட்டத்துத் தாய் முழம் என்று எண்ணியதும், பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெண் ஹஸ்தா என்று எண்ணியதும் ஒரே நீளம். மீட்டர் முறைக்கு இந்தியா 1956ஆம் ஆண்டிலும் மலேசியா 1972ஆம் ஆண்டிலும் சட்டம் செய்தன. இவ்வளவில் துணிக்கணக்கு முடிந்தது.

நிலத்தை அளந்தது கையன்று, கோல். கோலின் நீளத்தையோ ஊர்க்கு ஊர், ஆட்சிக்கு ஆட்சி வெவ்வேறாக வகுத்தனர். முதலாம் இராசராசன் கி.பி. 1001ஆம் ஆண்டளவில் சோழநாட்டு நிலத்தை அளப்பித்தான். முதற் குலோத்துங்கன் 1086இல் மீண்டும் அளப்பித்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னனின் நிலக்கணக்கு எடுக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் 12 சாண் கோல், 16 சாண் கோல், மாளிகைக்கோல், கடிகைக்களத்துக்கோல் எனப் பல கோல்கள் பெயர் சுட்டப் பெறுகின்றன. வெட்டியவர்கள் வீணுக்குக் கல்லைச் செலவிடவில்லை. கோலின் பெயர் இல்லையேல் குழி என்ற சொல்லுக்கு அளவே இல்லை.

குழி என்பது ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட சதுரம். சாணுக்கு 9 அங்குலம் என்னும் பிற்கால வழக்கையே கொள்வோம். 16 சாண் கோல் 12 அடி. அதன் குழி 144 சதுர அடி. 12 சாண் கோல் 9 அடி. அதன் குழி 81 சதுர அடி. கோலின் நீளம் நான்கில் மூன்றாகக் குறைந்தது. குழியோ பதினாறில் ஒன்பதாக, ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. மாணவர் தவறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். கோலுக்குரிய விகிதத்தையே குழிக்கும் போட்டுவிடுகின்றனர். அதனைப் பெருக்கிக் காட்ட வேண்டும் என்பது மறந்துபோகிறது.

குடியானவனுக்கு இது வெறுங் கணக்கன்று. 16 சாண் கோலால் 100 குழியாக இருந்த வயலை 12 சாண் கோலால் அளந்தால் ஏறத்தாழ 178 குழி வரும். வயல் ஒரு சாணும் வளரவில்லை. வரி குழிக்கு இவ்வளவு என்று இருப்பின், வீதத்தைத் தொடாமலே அரசிறை முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிடும்.

அண்மைக் காலத்திலும் குழி ஒன்றாக இல்லை. தஞ்சைப் பகுதியில் குழி 144 சதுர அடி, 100 குழி 1 மா, 20 மா 1 வேலி. வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். சென்னை, செங்கற்பட்டுப் பக்கத்திலோ 24 அடிக் கோல். அங்கே குழி 576 சதுர அடி. 100 குழி கொண்டது 1 காணி, அதாவது 1.32 ஏக்கர். தஞ்சைக் குழியைப்போல் அது நான்கு மடங்கு. மாவும் எங்கும் 100 குழியன்று. 256 குழி கொண்ட மாவும் கல்வெட்டுகளில் உண்டு. ஆகவே வேலி எனக் கண்டவுடன் 6.6 என்று எழுதுவது தஞ்சைக்கு மட்டுமே பொருந்தும். கோலும் மாவும் தெரிந்தால் பெருக்குக. தெரியாவிடின் பழைய அளவை அப்படியே விட்டுவிடுவது நேர்மை.

ஏக்கருக்கும் ஒரு கோல் உண்டென்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆங்கிலேயரின் போல் என்னும் கோல் 16½ அடி. அத்தகைய 4 கோல் சேர்ந்தது 66 அடி நிலச்சங்கிலி. 40 சதுரப் போல் 1 ரூட், 4 ரூட் 1 ஏக்கர். நெகிரி செம்பிலான் பழைய நிலப் பட்டாக்களில் ஏக்கர், ரூட், போல் என்றே பரப்புக் குறிக்கப்பட்டது. 16 சாண் கோலால் அளந்த 100 குழியை அம்முறையில் எழுதினால் 1 ரூட் 13 போல். 12 சாண் கோலால் அளந்த 100 குழி 30 போல்தான், ஒரு ரூட்டுக்கும் குறைவு.