எண்ணெய் எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டைக் கசிவின்றிப் பொருத்தும் முறை

கிணற்று இறவைக்கு எண்ணெய் எஞ்சினை நம்பியிருக்கும் குடியானவர்களுக்கு நேரும் நஷ்டங்களுள் மிகவும் வருந்தத்தக்கது, பழுது பார்த்த பின்பும் எஞ்சின் நில்லாமல் ஓட மறுப்பதே. பயிர் கதிர் பிடிக்கும் தறுவாயில் சிலிண்டர் ஹெட்டின் கீழே கசிவு காண்கிறது. பட்டறையிலிருந்து ஆள் வந்து புதிய காஸ்கெட் வைத்து இறுக்கிவிட்டுப் போகிறார். நாலு நாள் சென்றதும் அதே இடத்தில் மறுபடியும் புகை சீறுகிறது. மறுபடியும் ஒரு காஸ்கெட், மறுபடியும் கூலி. வயலோ வெடிப்பு விடுகிறது. குற்றம் முழுவதும் காஸ்கெட்டின்மேல் சுமத்தப்படுகிறது. அது பெரும்பாலும் நிரபராதி. காஸ்கெட் உட்காரும் இரண்டு முகங்களையும், அதனை அழுத்தும் நட்டுகளையும் கவனியாமையே காரணமாகும்.

இவ்விடத்தில் எவ்வளவு பலம் வேலை செய்கிறது என்பதை அறிந்தால் இதன் முக்கியம் விளங்கும். 80 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டரின் வாய் சுமார் 50 சதுர சென்டிமீட்டர் பரப்புடையது. டீசல் எண்ணெய் பற்றும் தருணத்தில் சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்கு 60 கிலோ அழுத்தம் உண்டாவதாக வைத்துக்கொண்டால், ஹெட்டை மேலே தூக்கும் பலம் 3,000 கிலோ ஆகிறது. நான்கு ஸ்டட்டுகள் உள்ள எஞ்சினில் ஒவ்வொன்றும் 750 கிலோவைத் தாங்கவேண்டும். நிமிஷத்துக்கு 1,500 சுற்று ஓடும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்த அடி நிமிஷத்துக்கு 750 தடவை விழுகிறது. நாலு நட்டுகளில் ஒன்று தளர்ந்திருந்தாலும் வாயு அந்தப் பக்கமாக வழி கண்டுபிடித்து, காஸ்கெட்டை எரித்து, நாளடைவில் இரும்பிலேயே வாய்க்கால் வெட்டிவிடும். அதன் பிறகு எத்தனை காஸ்கெட் மாற்றியும் பயனில்லை.

கசிவைக் கண்டறிவது கடினமன்று. இணைப்பைச் சுற்றிச் சோப்பு நீர் தடவி, ஓட்டச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் குமிழி எழும். குளிர்விக்கும் நீர் வெளியேறும் குழாயில் விட்டுவிட்டுக் காற்றுக் குமிழிகள் வந்தால் கசிவு உட்புறமாக நீர்ச் சட்டைக்குள் செல்கிறதென்று கொள்ளலாம். மசகெண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் நீர் அதனோடு கலந்திருக்கிறது. அத்தகைய எஞ்சினை ஒரு மணி நேரங்கூட ஓட்டலாகாது. நீர் கலந்த எண்ணெய் பேரிங்குகளை விரைவில் கெடுத்துவிடும்.

ஹெட்டை எஞ்சின் முற்றிலும் ஆறிய பின்னரே கழற்றவேண்டும். சூட்டோடு கழற்றினால் வார்ப்பு கோணிப்போகும். முதலில் நீரை வடித்துவிட்டு, நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சங் கொஞ்சமாகத் தளர்த்துக. ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் இடுக்கில் உளியோ திருப்புளியோ செருகி நெம்புதல் பெருந்தவறு; அந்த ஒரு கீறலே அடுத்த கசிவுக்கு வழி. மரச் சுத்தியால் பக்கவாட்டில் தட்டினால் போதும்.

சுத்தம் செய்யும் வேலையில்தான் அவசரம் காட்டப்படுகிறது. சிலிண்டர் வாயைத் துணியால் அடைத்து, ஸ்டட்டுத் துவாரங்களையும் நீர்த் துவாரங்களையும் மூடிக்கொண்டு, பித்தளை அல்லது மரச் சீவுகோலால் பழைய காஸ்கெட்டின் மிச்சத்தையும் கரியையும் நீக்குக. உப்புத்தாளைச் சிலிண்டரின் முகத்தில் தேய்க்கும் பழக்கம் நல்லதன்று. அதிலிருந்து உதிரும் மணல் உள்ளே விழுந்து பிஸ்டன் வளையங்களைத் தின்றுவிடும். பழைய எஞ்சின்களில் செம்புத் தகட்டுக்கிடையே ஆஸ்பெஸ்டாஸ் வைத்த காஸ்கெட்டுகள் இருக்கக்கூடும். ஆஸ்பெஸ்டாஸ் தூசி பல வருஷங்களுக்குப் பின் நுரையீரல் நோயையும் புற்றுநோயையும் உண்டாக்குவதென இன்று நன்றாகத் தெரிந்துள்ளது. ஆகவே அத்தகைய காஸ்கெட்டை உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நீரால் நனைத்து ஈரத்தோடு எடுத்து, உறையில் கட்டி அப்புறப்படுத்துக. சிறுவர்களை அருகில் விடவேண்டாம்.

பின்பு இரண்டு முகங்களும் சமமாக உள்ளனவா என்று பார்க்கவேண்டும். நேரான எஃகுப் பட்டையை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அதன் கீழே பீலர் தகட்டைச் செலுத்துக. 5 குதிரைத்திறன் எஞ்சினின் சிறிய ஹெட்டில் 0.05 மில்லிமீட்டர் தகடு எங்கும் நுழையாதிருத்தல் நலம். தாராளமாக நுழைந்தால் ஹெட்டைப் பட்டறைக்கு அனுப்பி முகம் எடுக்கவேண்டுமேயன்றி, இரண்டு காஸ்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சமாளிக்கக்கூடாது. அப்படி வைப்பதால் பிஸ்டனுக்கு மேலுள்ள இடம் பெருகி, அழுத்தம் குறைந்து, எஞ்சின் காலையில் கிளம்பாது. முகம் எடுத்த ஹெட்டிலோ காஸ்கெட்டின் கனம் மாறிய இடத்திலோ பிஸ்டன் ஹெட்டை இடிக்கவும் கூடும். இதைச் சோதிக்கச் சிறு ஈயக்கம்பித் துண்டுகள் போதும். அவற்றைப் பிஸ்டனின் மேல், பிஸ்டன் பின் இருக்கும் திசையில் இரண்டு பக்கமும் சிறிது கிரீஸால் ஒட்டவைத்து, ஹெட்டை இறுக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு முறை மெதுவாகச் சுற்றிப் பின் கழற்றுக. நசுங்கிய ஈயத்தின் கனமே மேலிடைவெளி. அது எஞ்சினுடன் வந்த புத்தகத்திற் கண்ட அளவுக்கு ஒத்திருக்கவேண்டும்.

தனிச் செம்பினாலான காஸ்கெட்டாயின், மங்கிய சிவப்பு நிறம் வரக் காய்ச்சி நீரில் தோய்த்தால் மறுபடி மிருதுவாகும். இரும்பைப்போல் செம்பு இதனால் கடினமாவதில்லை. பல அடுக்குக் காஸ்கெட்டை இவ்விதம் நெருப்பில் காட்டலாகாது. அதைப் புதிதாகவே வாங்கவேண்டும். பெயிண்டு, அரக்கு முதலியவற்றைப் பூசுவதும், தயாரித்தவர் சொல்லாதவரை, வேண்டாத வேலை.

ஸ்டட்டுகளின் மரைகளைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, ஒரு சொட்டு எண்ணெய் இடுக. ஹெட்டைப் போல்ட்டுகளால் முடுக்கும் எஞ்சினாயின், அடி அடைந்த துவாரத்தில் எண்ணெயோ நீரோ தேங்கியிருக்கக்கூடாது. போல்ட்டு இறங்கும்போது திரவம் போக இடமின்றி வார்ப்பையே பிளந்துவிடும். விரலால் நட்டுகளை ஓட்டிய பின், எதிர் மூலைக்கு எதிர் மூலையாக மூன்று சுற்றில் முடுக்குக: முதற் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதில் முழு அளவு. ஆறு நட்டுகள் இருந்தால் நடுவிலுள்ள இரண்டில் தொடங்கி வெளியே செல்லவேண்டும்.

முழு அளவு எவ்வளவு என்பது புத்தகத்தில் கிலோ மீட்டர் கணக்கில் காணப்படும். இது தூரக் கணக்கன்று. ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் எத்தனை கிலோ இழுக்கவேண்டும் என்பதே. டார்க் ரெஞ்சு இல்லாதவர்கள் ஸ்பானரின் பிடியில் வில்தராசை மாட்டி, ஸ்பானருக்கு நேர்க்குறுக்காக இழுத்து அளக்கலாம். புத்தகத்திற் கண்டது 6 ஆகவும், நட்டின் மையத்திலிருந்து தராசு மாட்டிய இடம் அரை மீட்டராகவும் இருந்தால், தராசு 12 கிலோ காட்டவேண்டும். ஸ்பானரில் குழாய் செருகி இரண்டு ஆள் தொங்கும் வழக்கம் ஸ்டட்டை நீட்டிக் கெடுப்பதற்கே உதவும். எஞ்சினை ஊர்ப்பொதுவில் வைத்திருக்குமிடங்களில், பொறுப்பாளர்கள் இந்த அளவை எஞ்சின் கொட்டகைச் சுவரில் எழுதிவைப்பது நல்லது. புத்தகம் காணாமற் போகும், சுவர் போகாது.

ஹெட் இறுகிய பின்பே வால்வு இடைவெளியை வைக்கவேண்டும். முன்னதாக வைத்தால் ஹெட் கீழே அமர அமர அந்த அளவு மாறிவிடும். பிறகு சுத்தமான மசகெண்ணெயும் நீரும் விட்டு, பாரம் கொடாமல் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்துக. எஞ்சின் நன்றாக ஆறிய பின், காஸ்கெட்டின் உறையில் மறுமுடுக்கு வேண்டாமென்று அச்சிட்டிருந்தாலன்றி, நட்டுகளை முன் சொன்ன வரிசையில் ஒருமுறை சரிபார்த்து, வால்வு இடைவெளியையும் மறுபடி அளந்து கொள்க. முதல் நாள் இறவை முடிந்ததும் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்க்கவேண்டும். அதில் வெண்மை இல்லாதிருந்து, நீர்க் குழாயிலும் குமிழி காணாவிட்டால், மறுநாள் முதல் முழுப் பாரத்தில் பம்பை ஓட்டலாம்.