மரத்தூளும் பிளாஸ்டிக்கும்



தச்சர் மரத்தை அறுக்கும்போது கீழே கொட்டும் மரத்தூளைக் கண்டிருப்பீர்கள். அடுப்பெரிக்க மட்டுமே உதவும் என்று நாம் எண்ணும் அத்தூள், பிளாஸ்டிக்குடன் சேர்ந்து பலகையாகவும் கதவாகவும் மாறுகிறது என்றால் வியப்பாக இல்லையா?

இச்சேர்க்கை புதிதன்று. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்லண்ட் 1907-ஆம் ஆண்டில் பேக்கலைட்டைக் கண்டுபிடித்தார். எளிதில் நொறுங்கும் அப்பொருளுக்கு வலிமை தர மரத்தூள் கலக்கப்பட்டது. ஆனால் பேக்கலைட் ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாது. இக்காலப் பலகைகளிலோ சூட்டில் இளகும் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் போன்றவை பயன்படுகின்றன.

முறுக்கு பிழிவதை நினைத்துப் பாருங்கள். மாவு கெட்டியானால் கை வலிக்க அழுத்த வேண்டும். அவ்வாறே, உருகிய பிளாஸ்டிக்கில் மரத்தூள் கூடக்கூட அது எளிதில் ஓடாது. சூட்டை ஏற்றினால் இளகும்; ஆனால் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசைத் தாண்டினால் மரத்தூள் கருகத் தொடங்கும். வேறு வழி என்ன? விரைவாக அழுத்துவதே. பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்குண்ட நூல் போலக் கிடக்கின்றன. விரைந்து தள்ளும்போது அவை ஓடும் திசையில் நீண்டு ஒழுங்காவதால் பாகுநிலை குறைகிறது. தண்ணீருக்கு இக்குணம் இல்லை. மரத்தூளை முன்பே நன்கு உலர்த்துவதும் அவசியம். இல்லையேல் ஈரம் ஆவியாகிக் குமிழிகளை உண்டாக்கும்.

இனி, பலகையின் உறுதியைப் பார்ப்போம். பாரம் வைத்தால் பலகை சற்று வளையும். உடனே எடுத்தால் நிமிரும். மாதக்கணக்கில் வைத்தாலோ, சங்கிலிகள் மெல்ல மெல்ல வழுக்கி நகர்வதால் பலகை தொய்ந்துவிடும். பாரத்தை எடுத்தாலும் முழுவதும் நிமிராது. வெயிலின் சூட்டில் இத்தொய்வு விரைவுபடும். மர இழைகள் இந்த வழுக்கலைத் தடுக்கின்றன. ஆனால் நீரை ஈர்க்கும் மரமும் நீரை ஒதுக்கும் பிளாஸ்டிக்கும் தாமாக நன்கு ஒட்டுவதில்லை. ஆகவே, மலெயிக் அன்ஹைட்ரைடு இணைக்கப்பட்ட பாலிபுரொப்பிலீனைச் சிறிதளவு கலந்து இரண்டையும் பிணைக்கிறார்கள்.

இருப்பினும், இப்பலகை நல்ல மரத்தைவிட அதிகம் தொய்யக்கூடியது. எனவே இதனால் தளம் அமைக்கும்போது, அடியில் தாங்கும் சட்டங்களைப் பொதுவாக மரப்பலகைக்கு வைப்பதைவிட நெருக்கமாக வைக்க வேண்டும். முதல் நாளில் உறுதியாகத் தோன்றும் பலகை, சில ஆண்டுகளில் தொய்ந்து நடப்பவர் காலை இடறலாம் அல்லவா?

கழிவைப் பயனுள்ளதாக்குவது நன்று. அதன் குணமறிந்து பயன்படுத்துவது அதனினும் நன்று.