பாலும் மீனும் செய்த குற்றம் என்ன?

புதுடெல்லி: தோலில் வெண்புள்ளி தோன்றியதும், வட மாநிலங்களில் பல குடும்பங்கள் முதலில் கை வைப்பது உணவில்தான். பால், தயிர், மீன், எலுமிச்சை எனத் தடைப்பட்டியல் நீள்கிறது. மீனையும் பாலையும் சேர்த்து உண்டதே காரணம் என்ற நம்பிக்கை வேரூன்றியுள்ளது. மேற்கு வங்கத்திலோ, தயிரில் சமைத்த மீன் விருந்துகளில் பரிமாறப்படும் உணவு.

நோய் எதிர்ப்பு மண்டலம், தோலுக்கு நிறமூட்டும் செல்களையே தாக்கி அழிப்பதால் வெண்புள்ளிகள் உண்டாகின்றன. இது தொற்றாது, தொழுநோயும் அல்ல. குறிப்பிட்ட உணவை விலக்கினால் குணமாகும் என்பதும் நிரூபிக்கப்படவில்லை.

பத்தியத்தால் ஆபத்தும் உண்டு. வெண்புள்ளி உள்ளவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைபாடும் சேர்ந்தே காணப்படுகிறது. அந்த வைட்டமினை அளிப்பவை பால், மீன், முட்டை, இறைச்சி ஆகியவையே. சைவ உணவினர் பாலையும் விலக்கினால் ரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் நேரலாம்.

இந்தியில் இதற்கு "வெள்ளைத் தொழுநோய்' என்ற பொருளிலும் பெயருண்டு. தொழுநோயை விவாகரத்துக்கான காரணங்களில் இருந்தே நாடாளுமன்றம் 2019ல் நீக்கிவிட்டது. தொழுநோயே அல்லாத வெண்புள்ளிக்கு, சமையலறையிலும் மணப்பேச்சிலும் விதிக்கப்பட்ட தடைகள்தான் இன்னும் விலகவில்லை.