கண் எரிச்சலும் உடம்பு வலியும்: இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?



தண்டையார்பேட்டையில் குழுக் கூட்டம் முடிந்து கையெழுத்துப் போடும் நேரத்தில் நாங்கள் அடிக்கடி கேட்கும் புகார் இரண்டு. ஒன்று, "உடம்பெல்லாம் வலிக்குது, ராத்திரி தூக்கமே இல்ல." இன்னொன்று, "கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது." பல சமயம் இரண்டையும் சொல்வது ஒரே பெண்தான். ஆனால் வலிக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்து என்று தனித்தனியாகவே பார்த்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

நம் கண்ணின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அது வெறும் தண்ணீர் அல்ல. தண்ணீரைக் கண்ணோடு ஒட்டவைக்க வழவழப்பான ஒரு பொருளும், தண்ணீர் ஆவியாகிப் போகாமல் காக்க மேலே எண்ணெய்ப் பசையும் உண்டு. எண்ணெய் வருவது இமை ஓரத்தில் உள்ள சின்னச் சின்னச் சுரப்பிகளிலிருந்து. தண்ணீர் குறைந்தாலும் எண்ணெய் குறைந்தாலும் கண் காய்ந்துவிடும். எரியும், உறுத்தும், சிவக்கும், வெளிச்சம் கூசும். "எனக்குத் தண்ணியா ஊத்துதே, அது எப்படி வறட்சி?" என்று கேட்பீர்கள். கண் காய்ந்து எரியும்போது அதை அணைக்க உடம்பு அவசரமாகக் கண்ணீரை அனுப்புகிறது. அந்தக் கண்ணீர் கண்ணில் தங்காமல் வழிந்துவிடும். ஆகவே தண்ணீர் வடிவதும் வறட்சியின் அடையாளமாக இருக்கலாம்.

நம் பக்கத்தில் இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கன்டெய்னர் லாரிப் புழுதி, கடல் காற்று, புகை. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள் ஊசி முனையையே பார்த்துக்கொண்டு இமைக்க மறந்துவிடுகிறார்கள். மாதவிடாய் நிற்கும் வயதிலும் கண் வறட்சி அதிகமாகும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது வந்த கண் எரிச்சல் இந்த வகை அல்ல. அப்படி ரசாயனம் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் நிறைய நேரம் கண்ணைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சரி, வலிக்கு வருவோம். சில மூட்டு நோய்களில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் உடம்பைத் தாக்குகிறது. முடக்கு வாதம் அப்படிப்பட்டது. மூட்டைத் தாக்குகிற அதே நோய் கண்ணையும் தாக்கலாம். 1933-ல் ஹென்ரிக் ஷோகிரென் என்ற சுவீடன் நாட்டுக் கண் டாக்டர், கண் காய்ந்துபோன 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் பெரும்பாலோருக்கு மூட்டுவலியும் இருந்தது. அந்த நோய்க்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். பெண்களுக்குத்தான் இது மிக அதிகம். கண்ணோடு வாயும் காய்ந்து, தண்ணீர் இல்லாமல் சோறு இறங்கவில்லை, காலையில் விரல்கள் மடங்கவில்லை என்றால் இதை நினைக்க வேண்டும்.

இன்னொரு வகையில் மூட்டு வீங்காது, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாது. ஆனால் உடம்பு முழுக்க மாதக் கணக்கில் வலி. இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். தெருக் கோயில் மைக் செட்டில் சத்தத்தைக் கூட்டி வைத்தால் மெதுவாகப் பேசினாலும் அலறும் அல்லவா? வலியைக் கொண்டுபோகும் நரம்புகளும் அப்படித்தான் ஆகிவிடுகின்றன. கண்ணின் கருவிழியில் நரம்பு நெருக்கம் மிக அதிகம். அதே நரம்புதான் நெற்றி, முகத்தின் வலியையும் சொல்கிறது. அதனால் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் கண் வறட்சித் தொல்லை அதிகம் காணப்படுகிறது. இங்கிலாந்தில் 1,635 இரட்டைப் பிறவிப் பெண்களின் கையில் சூடு வைத்து வலி தாங்கும் அளவைச் சோதித்த ஆய்வு 2013-ல் வெளியானது. கண் வறட்சித் தொல்லை உள்ளவர்கள் கையில் பட்ட சூட்டையும் சீக்கிரமே வலியாக உணர்ந்தார்கள்.

இது ஏன் முக்கியம்? கண்ணைச் சோதித்து "கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் "வேலை செய்ய சோம்பேறித்தனம், நடிக்கிறா" என்பார்கள். கண்ணில் ஈரம் சரியாக இருந்தும் நரம்பு வலியைச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். அது நடிப்பு இல்லை. அந்த வலிக்கும் வைத்தியம் இருக்கிறது. ஆனால் சொட்டு மருந்து மட்டும் போதாது.

வலிக்குச் சாப்பிடும் மாத்திரையே கண்ணைக் காய வைக்கவும் கூடும். நீண்ட நாள் வலிக்குக் குறைந்த அளவில் தரும் அமிட்ரிப்டிலின் அப்படி ஒன்று. அலர்ஜி, சளிக்கு நாம் வாங்கிப் போடும் தூக்க மாத்திரை போன்ற மாத்திரைகளும் அப்படித்தான். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து மாற்றுவார்.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துதான். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டதென்று நாமும் வாங்குகிறோம். பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. படிக்கிற பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் எரிச்சல் அடங்கும், அதனால் திரும்பத் திரும்ப வாங்கத் தோன்றும். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் மாதக் கணக்கில் விட்டால் கண் அழுத்தம் கூடி பார்வை நரம்பு கெட்டுப்போகும். போன பார்வை திரும்பாது. கண்புரையும் வரும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவதும் வேண்டாம், கிருமி சேரும்.

வீட்டில் செய்யக்கூடியது: சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள், எண்ணெய்ச் சுரப்பி திறக்கும். தைக்கும்போது அவ்வப்போது நிறுத்தி முழுதாகக் கண் மூடித் திறங்கள். ஃபேன் காற்று நேரே முகத்தில் அடிக்க வேண்டாம்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். அங்கே 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. வறட்சி சந்தேகம் என்றால் இமைக்குள் ஒரு சின்னக் காகிதத் துண்டை ஐந்து நிமிடம் வைத்து ஈரம் எவ்வளவு ஊறுகிறது என்று பார்ப்பார்கள். கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான். மூட்டுவலி உள்ளவர்கள் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் மூட்டு வாதப் பிரிவுக்குப் போகலாம். கண் டாக்டரிடம் உடம்பு வலியையும், வலி டாக்டரிடம் கண் எரிச்சலையும் அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கிளம்பும்போது சாப்பிடும் மாத்திரை அட்டை, விடுகிற சொட்டு மருந்து பாட்டில், பழைய சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பார்வை மங்கினாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.