கிலோவில் வாங்கி லிட்டரில் விற்கும் ரப்பர்

ரப்பர் பட்டறைக்குள் சரக்கெல்லாம் கிலோ கணக்கில் வருகிறது. அச்சுக்கு எடை தெரியாது, கன அளவுதான் தெரியும். 'கார்பன் பிளாக்கைக் கூட்டினால் காம்பவுண்ட் மலிவாகும்' என்ற நம்பிக்கை உண்மையா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கலவைச் சீட்டு

100 பங்கு ரப்பருக்கு மற்றது இத்தனை பங்கு என்று எழுதுவது தொழில் வழக்கம். 75 லிட்டர் நீடருக்கான (ரப்பர் கலக்கும் இயந்திரம்) சீட்டு இது:

| சரக்கு | பங்கு | அடர்த்தி | கிலோ |
|---|---|---|---|
| இயற்கை ரப்பர் | 100 | 0.92 | 36.3 |
| கார்பன் பிளாக் என்330 | 50 | 1.80 | 18.2 |
| ஜிங்க் ஆக்சைடு | 5 | 5.6 | 1.8 |
| ஸ்டியரிக் அமிலம் | 2 | 0.85 | 0.7 |
| எண்ணெய் | 5 | 0.95 | 1.8 |
| ஆன்டிஆக்சிடன்ட் | 2 | 1.0 | 0.7 |
| ஆக்சிலரேட்டர் | 1 | 1.3 | 0.4 |
| கந்தகம் | 2 | 2.07 | 0.7 |
| மொத்தம் | 167 | 1.123 | 60.6 |

நீடரை 72 சதவீதம் நிரப்பினால் 54 லிட்டர். அதை 1.123 ஆல் பெருக்கினால் 60.6 கிலோ. முழுக்க அடைத்தால் சரக்கு புரள இடமில்லை. குறைவாகப் போட்டால் ரோட்டருக்குப் பிடி கிடைக்காது. கார்பனை 30 பங்காகக் குறைத்தால் அடர்த்தி 1.068 ஆகிறது, அதே 54 லிட்டருக்கு 57.7 கிலோ போதும். பழைய எடையையே நிறுத்துப் போட்டால் 2.7 லிட்டர் அதிகம்.

நனைக்க வேண்டிய பரப்பு

என்330 ஒரு கிராமுக்குச் சுமார் 78 சதுர மீட்டர் பரப்பு கொண்டது. ஒரு பேட்சின் 18.2 கிலோவுக்கு 14 லட்சம் சதுர மீட்டர், அதாவது 350 ஏக்கர். 36.3 கிலோ ரப்பரை அதன்மேல் பரப்பினால் கனம் 28 நானோமீட்டர்தான். கலவை நேரம் போவது இந்த வேலைக்குத்தான்.

கார்பன் கட்டிகளை உடைப்பது வெட்டு விசை. காம்பவுண்ட் கெட்டியாக இருக்கும் வரைதான் அந்த விசை கிடைக்கும். எண்ணெயை முதலிலேயே ஊற்றினால் சரக்கு இளகி, கட்டிகள் உடையாமல் தங்கிவிடும். கார்பன் முதலில், எண்ணெய் பிறகு என்பதன் காரணம் இதுவே.

மோட்டாரின் உழைப்பு வெப்பமாகிறது. 30 டிகிரியிலிருந்து 120 டிகிரி செல்சியசுக்கு 60.6 கிலோவைச் சூடாக்கவே சுமார் 2.3 யூனிட் மின்சாரம் போகிறது (வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு 1.5 கிலோஜூல் என்று கொண்டால்). குளிர்நீர் வாங்கிச் செல்வது தனி. இந்தச் சூட்டில் கந்தகம் போட்டால் காம்பவுண்ட் உள்ளேயே வேகத் தொடங்கும். அதனால் கந்தகமும் ஆக்சிலரேட்டரும் சரக்கு ஆறிய பிறகு ரோல் மில்லில் சேர்கின்றன.

கெட்டித்தன்மை ஏறும் விதம்

திரவத்தில் துகள் கலந்தால் பாகுமை எவ்வளவு கூடும் என்று ஐன்ஸ்டைன் 1906இல் கணக்கிட்டார். துகள் நெருக்கமாகும் நிலைக்கு கூத், கோல்டு இருவரும் 1938இல் அதை நீட்டினர்: 1 + 2.5 × கனப்பங்கு + 14.1 × கனப்பங்கின் வர்க்கம்.

- 30 பங்கு: கனப்பங்கு 0.121, பாகுமை 1.5 மடங்கு
- 50 பங்கு: 0.187, 2.0 மடங்கு
- 70 பங்கு: 0.243, 2.4 மடங்கு

நிஜத்தில் இதைவிட அதிகம். கார்பன் துகள்கள் கிளைத்த கொத்துகளாக இருப்பதால், கிளைகளுக்குள் சிக்கிய ரப்பர் ஓடாமல் கார்பனோடு சேர்ந்துகொள்கிறது. 50 பங்குக் கலவையில் அதையும் சேர்த்துக் கனப்பங்கை 0.30 என்று கொண்டால் பாகுமை 3 மடங்காகிறது.

பாகுமையை அளந்து மூனி எண்ணாகத் தரும் மூனி கருவியில் வட்டு நிமிடத்துக்கு 2 சுற்றுதான் சுற்றுகிறது. எக்ஸ்ட்ரூடர் டையில் வேகம் நூறு மடங்கு இருக்கலாம். ஓட்டக் குறி (வேகம் கூடும்போது பாகுமை எவ்வளவு குறையும் என்பதைக் காட்டும் எண்) 0.25 கொண்ட காம்பவுண்டின் பாகுமை அங்கே 32இல் ஒரு பங்காகிவிடும். குறி 0.30 என்றால் 25இல் ஒரு பங்கு. மூனி எண் ஒன்றாக இருக்கும் இரு காம்பவுண்டுகள் டையில் வேறுவிதமாக ஓடுவது இதனால்தான்.

விலை

கணக்குக்காக ரப்பர் கிலோ 200 ரூபாய், கார்பன் 110 ரூபாய் என்று வைத்து, இந்த இரண்டை மட்டும் சேர்த்துப் பார்த்தால்:

| கார்பன் பங்கு | கிலோ விலை (ரூ.) | லிட்டர் விலை (ரூ.) |
|---|---|---|
| 30 | 179 | 186 |
| 50 | 170 | 187 |
| 70 | 163 | 188 |

கிலோ விலை 16 ரூபாய் இறங்குகிறது. லிட்டர் விலை 2 ரூபாய் ஏறுகிறது. இரண்டின் அடர்த்தியையும் வகுத்தால் 0.92 / 1.80 = 0.51. கார்பன் விலை ரப்பர் விலையில் 51 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அது செலவைக் குறைக்கும். ரப்பர் 200 என்றால் எல்லை 102 ரூபாய். கால்சியம் கார்பனேட்டின் அடர்த்தி 2.7, அதன் எல்லை 34 சதவீதம். அதன் விலை அந்த எல்லைக்கு வெகு கீழே இருப்பதால் செலவு நிச்சயம் குறையும்; ஆனால் சாதாரண கால்சியம் கார்பனேட்டின் துகள் பெரியது, பரப்பு குறைவு, கார்பன் தரும் வலு கிடைக்காது.

ஆக, கார்பனைச் சேர்ப்பது வலுவுக்கும் தேய்மானத் தாங்கலுக்கும் என்று எழுதிக்கொள்வதே சரி. கொள்முதல் பதிவேட்டில் கிலோ விலைக்குப் பக்கத்தில் லிட்டர் விலைக்கும் மூனி எண்ணுக்கும் ஒவ்வொரு பத்தி ஒதுக்கினால், எந்தக் கலவை உண்மையில் மலிவு என்பது ஆர்டர் எடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.