கண்ணுக்குத் தெரியாத செலவு

தன் வீட்டுக் கூடத்தில் பட்டப்பகலில் விளக்கு எரியக் கண்டால் ஓடிச் சென்று அணைக்கும் மனிதன், பொதுச் சத்திரமொன்றில் நூறு விளக்குகள் ஆளின்றி எரிந்தாலும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அவன் துஷ்டன் என்பதல்ல இதற்குக் காரணம். வீட்டு விளக்கின் செலவு மாதந்தோறும் அவன் கையிலிருந்து போகிறது. சத்திரத்து விளக்கின் செலவு யார் கையிலிருந்து போகிறதென்று அவன் அறியான். ஊருக்குப் பொதுவான பொருள் ஒருவருக்கும் சொந்தமில்லை என்னும் இவ்வெண்ணம் உலகெங்கும் உண்டு. அதன் தீமையைத் தெளிவாகக் காணவேண்டுமாயின் சர்வகலாசாலைகளின் மாணவர் விடுதிகளுக்குச் செல்ல வேண்டும்.

விடுதி மாணாக்கன் தன் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்திவிடுகிறான். அவன் சிக்கனமாயிருந்தாலும் ஊதாரியாயிருந்தாலும் கட்டணம் ஒன்றே. பழைய மாதிரி மின்சார விசிறி ஒன்று சுமார் 75 வாட் சக்தியை உட்கொள்ளும். அறைக்குடையவன் வகுப்புக்குச் சென்ற பின் அது எட்டு மணி நேரம் வீணே சுழன்றால் அரை யூனிட்டுக்கு மேல் நஷ்டம். ஐந்நூறு அறைகளில் இவ்வாறு நடந்தால் ஒரே நாளில் 300 யூனிட் காற்றோடு போகிறது. மாணாக்கனோ ஒரு விசிறியை மறந்ததாக மட்டுமே நினைக்கிறான்.

இதற்கு அதிகாரிகள் கையாளும் பரிகாரம் யாது? சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டுவார்கள்; வருஷத்துக்கொரு முறை ஒரு பெரியவரை வரவழைத்துச் சிக்கனத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்விப்பார்கள். பிரசங்கம் நடக்கும்போதே கேட்போரின் அறைகளில் விசிறிகள் சுழன்றுகொண்டிருக்கும். உபதேசத்துக்கு நம்மிடையே ஒருநாளும் பஞ்சமில்லை. இல்லாதது கணக்கு. கணக்கைக் கண்ணெதிரே வைத்தால் என்ன நிகழும் என்பதை அமெரிக்காவிலுள்ள ஒரு கலாசாலை பரீக்ஷித்துப் பார்த்திருக்கிறது. அந்த வரலாற்றை நமது நேயர்கள் அறிவது நலம்.

ஒஹையோ மாகாணத்தில் ஓபர்லின் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 1833-ம் வருஷத்தில் ஏற்பட்ட கலாசாலை, புதிய வழிகளில் முதலடி வைப்பதற்கு அஞ்சாதது. 1835-ல் கறுப்பு இனத்தவரையும், 1837-ல் பட்டப் படிப்புக்குப் பெண்களையும் சேர்த்துக்கொள்ளத் துணிந்த கலாசாலை அது. சுற்றுச்சூழல் கல்விக்கென அங்கே எழுப்பப்பட்ட கட்டிடம் 2000-ம் வருஷத்தில் பூர்த்தியாயிற்று. அதன் கூரையில் சூரிய வெளிச்சத்தை மின்சாரமாக்கும் தகடுகள் உண்டு. கழிவுநீரைச் செடிகளையும் நுண்ணுயிர்களையும் கொண்டு சுத்தி செய்யும் ஏற்பாடும் உண்டு. ஆயினும் ஒரு கட்டிடம் உத்தமமாயிருந்தால் போதுமா? மாணாக்கர் உண்டு உறங்கும் பழைய விடுதிகளில் என்ன செய்வது என்னும் கேள்வி மிஞ்சி நின்றது.

அக்கேள்விக்கு விடை காண ஜான் பீட்டர்சன் என்னும் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 2005-ம் வருஷத்தில் விடுதிகளுக்கிடையே இரண்டு வாரப் போட்டி ஒன்றை நடத்தினார்கள். மின்சாரத்தையும் தண்ணீரையும் அதிகமாக மிச்சப்படுத்தும் விடுதிக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். இரண்டு விடுதிகளில் மட்டும், அந்தந்த க்ஷணத்தில் எவ்வளவு சக்தி செலவாகிறதென்று காட்டும் நுட்பமான கருவிகளை அமைத்தார்கள். ஏனைய விடுதிகளில், வழக்கமான மீட்டரை வாரத்துக்கொரு முறை ஆள் சென்று பார்த்துக் கணக்கைத் தெரியப்படுத்தினார்கள்.

பலன் என்னவென்றால், எல்லா விடுதிகளையும் சேர்த்துப் பார்க்குமிடத்து மின்சாரச் செலவு நூற்றுக்கு 32 வீதம் குறைந்தது. இரண்டே வாரத்தில் 68,300 யூனிட் மிச்சமாயிற்று. பணத்தில் 5,107 டாலர். அந்தப் பிரதேசத்தில் அக்காலத்து மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியை எரித்தே உண்டாக்கப்பட்டது. ஆதலால் 1,48,000 பவுண்டு, அதாவது சுமார் 67 டன் கரியமில வாயு வானத்தில் கலவாமல் தடுக்கப்பட்டது. இத்தனைக்கும் விடுதிகளைப் புதுப்பித்துக் கட்டவில்லை. அதே அறைகளில், அதே விளக்குகளைக் கொண்டு, அதே மாணாக்கர்தான் இதைச் சாதித்தார்கள்.

இனி நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருவோம். க்ஷணத்துக்கு க்ஷணம் கணக்குக் காட்டிய இரண்டு விடுதிகளில் செலவு நூற்றுக்கு 55 வீதம் குறைந்தது. வாரத்துக்கொரு முறை கணக்குக் காட்டிய விடுதிகளிலோ 31 வீதம் குறைந்தது. செலவு எவ்வளவு சீக்கிரம் கண்ணுக்குத் தெரிகிறதோ அவ்வளவுக்கு மனிதன் திருந்துகிறான் என்பது இதன் முதற் பாடம். இன்று அணைத்த விளக்கின் பலனை இன்றே கண்டவனுக்கு நாளையும் அணைக்க உற்சாகம் பிறக்கிறது.

இரண்டாவது பாடமே ஏழை ஸ்தாபனங்களுக்கு அதிகம் வேண்டுவது. விலையுயர்ந்த கருவி இல்லாத விடுதிகளும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைக் குறைத்துவிட்டன அன்றோ? அதற்கு வேண்டியிருந்தவை பழைய மீட்டரும், வாரத்துக்கொரு முறை அதைப் படிக்க ஒரு மனிதனும், அவன் கொணர்ந்த எண்ணை எல்லோருக்கும் அறிவிக்க ஒரு வழியுமே. சர்க்கார் மானியம் வரட்டும், புதிய கருவி வரட்டும், அதுவரை காத்திருப்போம் என்று சொல்லும் நிர்வாகிகளுக்கு இந்த 31 என்னும் எண் தக்க பதிலாகும்.

இப்பரீக்ஷையின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தண்ணீர்ச் செலவு நூற்றுக்கு 3 வீதமே குறைந்தது. எமது அபிப்பிராயத்தில் காரணம் இதுவாகலாம்: குளிப்பதும் துவைப்பதும் தேவை, தேவையைக் குறைப்பது கடினம். மின்சாரத்தில் குறைந்ததோ பெரும்பாலும் தேவையன்று, ஆளில்லாத இடத்து ஒளியும் ஒருவரும் பயன்படுத்தாத யந்திரத்தின் ஓட்டமுமே. ஆதலால், சிக்கனம் என்றால் மாணாக்கனை இருட்டில் உட்கார்ந்து படிக்கச் சொல்வது என்று எவரும் எண்ண வேண்டா. விரயத்தை விலக்குவதே சிக்கனம். வசதியைப் பறிப்பதற்கு அப்பெயரைச் சூட்டுவது மோசடி.

பரிசுக்காக இரண்டு வாரம் செய்தது பரிசு முடிந்ததும் மறைந்துவிடாதா என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். நியாயமான ஆக்ஷேபமே. போட்டிக் காலத்து வேகம் வருஷமெல்லாம் நிற்குமென்று யாரும் உறுதி கூற முடியாது. ஆயினும், கற்றுக்கொண்ட பழக்கங்களைத் தொடரவும், போட்டி இல்லாத காலத்திலும் கணக்கைப் பார்த்துவரவும் விரும்புவதாக அம்மாணாக்கர்கள் பின்னர் தெரிவித்தார்கள். ஓபர்லினும் அத்துடன் நின்றுவிடவில்லை. பின்னாளில் அவ்வேற்பாடு விடுதிகளைத் தாண்டி ஊருக்கும் பரவி, ஊர் முழுவதும் செலவிடும் மின்சாரத்தையும் தண்ணீரையும் பொது இடங்களில் எல்லோரும் காணும்படி செய்தது.

மாணாக்கரிடம் கடமையை எதிர்பார்க்கும் நிர்வாகத்துக்கும் கடமை உண்டு. நீண்ட தாழ்வாரம் முழுவதற்கும் ஒரே ஸ்விச்சை வைத்துவிட்டு, விளக்கு வீணே எரிகிறதென்று இளைஞனைக் கடிந்துகொள்வது தகாது. கட்டிடந்தோறும் தனித்தனி மீட்டர் வேண்டும். பழுதான விசிறியையும் ஒழுகும் குழாயையும் உடனே செப்பனிட வேண்டும். அலுவலகங்களின் கணக்கும் விடுதியின் கணக்குக்குப் பக்கத்திலேயே தொங்க வேண்டும். மேலே இருப்பவர் தம் கணக்கை மறைத்துக்கொண்டு கீழே இருப்பவரிடம் சிக்கனம் பேசினால் எவன் கேட்பான்?

சில யூனிட் மின்சாரத்துக்கு இத்தனை எழுத்தா என்று கேட்கலாம். இன்று விடுதியில் வசிக்கும் இளைஞர்களே நாளை நகரசபைகளையும், ஆஸ்பத்திரிகளையும், தொழிற்சாலைகளையும், சர்க்கார் இலாகாக்களையும் நடத்தப் போகிறவர்கள். பொதுச் சொத்தை யாருடையதோ என்று பார்க்கும் கண்ணோடு அவர்கள் வெளியேறினால், அந்த நஷ்டத்தை எந்த மீட்டரும் அளந்து காட்டாது. தம்முடையதாகப் பார்க்கும் கண்ணோடு வெளியேறினால், அந்த லாபத்துக்கும் அளவில்லை.

ஓபர்லின் நமக்கு முற்றும் அந்நியமான ஊரல்ல. அக்கலாசாலையைச் சார்ந்த ஓபர்லின் ஷான்ஸி என்னும் சங்கம் அங்கே படித்துத் தேறிய இளைஞர்களை மதுரைக் கல்லூரிகளுக்கு அனுப்பி வந்திருக்கிறது. அங்கிருந்து ஆட்கள் வந்த வழியே இந்த நல்ல வழக்கமும் வரலாம். இதற்குச் சட்டமும் வேண்டா, சபைத் தீர்மானமும் வேண்டா. விடுதிக்கு இரண்டு மாணாக்கர் முன்வந்து, வரும் திங்கட்கிழமை காலையில் மீட்டரைப் படித்து, உணவுக்கூடத்து வாசலில் ஒரு கரும்பலகையில் அந்த எண்ணை எழுதட்டும். அடுத்த திங்களன்று அதன் கீழே இரண்டாவது எண்ணை எழுதட்டும். அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை உண்ண வருகிறவர்கள் தாங்களே படித்துக்கொள்வார்கள்.