அட்டையும் ஒரு சாட்சிதான்

1544இல் பாரிசில் அச்சகர் ரொபேர் எத்தியேன் ஒரு வரலாற்று நூலை வெளியிட்டார். 4ஆம் நூற்றாண்டில் செசரியா நகரின் ஆயராக இருந்த யூசிபியஸ் கிரேக்கத்தில் எழுதிய திருச்சபை வரலாறு அது. கையெழுத்துப் படிகளிலேயே உயிர்வாழ்ந்த அதன் கிரேக்க மூலம் அப்போதுதான் முதன்முறையாக அச்சேறியது. மன்னர் முதலாம் பிரான்சுவாவுக்காகக் குளோத் கரமோன் வெட்டிய கிரேக்க அச்செழுத்துகள் அரங்கேறியதும் இந்த நூலில்தான். கிரீட் தீவிலிருந்து வந்து மன்னரிடம் பணியாற்றிய ஆங்கெலோஸ் வெர்கிகியோசின் கையெழுத்தே அவற்றுக்கு முன்மாதிரி. இத்தகைய நூல்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பக்கங்களோடு நின்றுவிடுகிறோம். ஆனால், அரச நூலகத்தில் அவற்றுக்குப் போட்ட பைண்டிங்கும் பக்கங்களைப் போலவே ஒரு வரலாற்று ஆவணம்.

அந்தக் காலத்தில் புத்தகங்கள் பெரும்பாலும் அச்சிட்ட தாள்களாகவே விற்பனையாயின; கட்டிக்கொள்வது வாங்குபவர் பொறுப்பு. அதனால் ஒரே அச்சில் வந்த பிரதிகள் உள்ளே ஒன்றுபோலவும் வெளியே வெவ்வேறாகவும் இருந்தன. பிரான்சுவாவும் அவர் மகன் இரண்டாம் ஹென்றியும் ஃபோந்தேன்புளோ அரண்மனை நூலகத்தின் கிரேக்க நூல்கள் பலவற்றைக் கிரேக்க முறையிலேயே கட்டச் செய்தார்கள். அந்த முறையில் முதுகுப்பக்கம் மேடுகளின்றி வழவழப்பாக இருக்கும். பலகையின் ஓரங்களில் பள்ளம் ஓடும். அட்டை பக்கங்களைத் தாண்டி நீளாது. முதுகின் இரு முனைகளிலும் நூல் பின்னிய பட்டை மட்டும் அட்டைக்கு வெளியே புடைத்து நிற்கும். நிமிர்த்தி வைத்தால் அந்தப் பட்டை நசுங்கிவிடும் என்பதால், படுக்க வைப்பதற்கே ஏற்ற கட்டு இது. பாரிசில் அச்சான நூலுக்கு இவ்வளவு மெனக்கெட்டது ஏன்? கிரேக்க அறிவுச் செல்வத்துக்குத் தாமே வாரிசு என்று பிரெஞ்சு மன்னர்கள் உலகுக்குக் காட்ட விரும்பினார்கள். எழுத்துரு உள்ளே சொன்னதையே பைண்டிங் வெளியே சொன்னது.

இதெல்லாம் மன்னர்களின் ஆடம்பரம், நூலின் சாரம் உள்ளடக்கத்தில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். ஆடம்பரம்தான், ஆனால் யார், எதற்காக, எதைக் காட்டிக்கொண்டார்கள் என்பதும் வரலாறுதான். பைண்டிங் தெளிவாகப் பேசுவதில்லை என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஹென்றியின் அட்டைகளில் பொன்னால் பதித்த பிறைகளுக்கும் அம்புகளுக்கும் நடுவே, ‘எச்’ எழுத்தோடு இரண்டு வளைவுகள் பின்னிக் கிடக்கின்றன. அவை காதலி தியானைக் குறிக்கும் ‘டி’யா, அரசி கேதரினைக் குறிக்கும் ‘சி’யா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். கையெழுத்துப் படிகளிலும் பாடபேதங்கள் உண்டு; அதற்காக அவற்றை நாம் வீசிவிடுவதில்லை, ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அட்டைக்கும் அதே நியாயம் வேண்டும்.

பிற்காலச் சேகரிப்பாளர்கள் பலர் பழைய கட்டைப் பிரித்து, ஓரங்களைச் சீவி, பளபளக்கும் புதுத்தோல் போட்டார்கள். அழகு கூடியது, யாரிடம் இருந்தது, எப்படிப் படிக்கப்பட்டது என்ற தடயங்கள் அழிந்தன. படம் பிடித்து வைத்தால் போதும் என்பதும் சரியல்ல: முதுகுக்குள் இருக்கும் தையலைப் பக்கங்களின் படம் காட்டாது. பழைய புத்தகம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அதன் அட்டையைக் கிழித்துப் புதிதாக்க அவசரப்படாதீர்கள். உள்ளிருக்கும் வரிகளை வேறொரு பிரதியிலும் படித்துவிடலாம். அந்த அட்டைக்கு மறுபிரதி கிடையாது.